அழித்த பெயரும் அழிந்த ரோலும்

வீரன் சுந்தரலிங்கம் பெயர் எழுதின பஸ்ஸின் போட்டோ யாரிடமாவது இருக்கிறதா என்று பல வருசமாகக் கேட்டுக்கொண்டு திரிகிறேன். 'எங்கயாவது இருக்கும்வே' என்கிறார்கள். எடுத்துக் காட்டியவர் இதுவரை ஒருவரும் இல்லை. கேட்கிற நானும் யோக்கியன் இல்லை. அந்தச் சமயத்தில் என் கையில் கேமரா இருந்தது. ஒரு படத்தைக்கூட என்னால் காப்பாற்ற முடியவில்லை. அந்த வரலாறும் என் கதையும் ஒரே ரோலில் கிடந்ததால் சேர்த்தே எழுதுகிறேன்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இது தெரியாது. தமிழ்நாட்டில் அரசு பஸ்களுக்கு ஒருகாலத்தில் பெயர் இருந்தது. பல்லவன், சோழன், பாண்டியன், சேரன் என்று ராஜாக்கள். பிறகு மருது பாண்டியர், ராணி மங்கம்மாள், நேசமணி, ஜீவா, பெரியார், அண்ணா. எங்கள் திருநெல்வேலிச் சீமையில் ஓடியது கட்டபொம்மன். 1974இல் தொடங்கிய கழகம். ஆய்க்குடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, 'கட்டபொம்மன் போயிட்டானா?' என்றுதான் கேட்போம். சென்னையில் பல்லவனைப் பிரித்து 1994இல் டாக்டர் அம்பேத்கர் பெயரில் ஒரு கழகம் வந்தது. அதுவரை பெரிய சத்தம் இல்லை.

1997இல் தி.மு.க. அரசு விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து ஒரு புதிய கழகம் தொடங்கியது. அதற்கு வீரன் சுந்தரலிங்கம் என்று பெயர் வைத்தது. சுந்தரலிங்கம் ஒட்டப்பிடாரம் பக்கத்துக் கவர்ணகிரியில் பிறந்தவர். பள்ளர். கட்டபொம்மனின் தளபதி. 1799இல் வெள்ளைக்காரனின் வெடிமருந்தைக் கொளுத்தித் தானும் மாண்டார் என்று எங்கள் பக்கத்துச் சனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அரசனுக்காகச் செத்த தளபதி. அரசன் பெயர் 23 வருசம் ஊரூராக ஓடியது. ஒருத்தனும் 'இதில் ஏற மாட்டேன்' என்று சொல்லவில்லை. தளபதி பெயரைப் போட்டதும் தீட்டு வந்துவிட்டது. பள்ளன் பெயர் போட்ட பஸ்ஸில் நாங்கள் எப்படி ஏறுவது என்றார்கள் ஆதிக்க சாதிக்காரர்கள். மறியல், கல்லெறி, குடிசைக்குத் தீ, வெட்டு, குத்து. தென்மாவட்டங்கள் எரிந்தன.

அரசாங்கம் என்ன செய்தது? ஏற மாட்டேன் என்றவனை ஏறச் சொல்லவில்லை. அந்த ஜூலை மாதத்தோடு எல்லாக் கழகங்களின் பெயரையும் எடுத்துவிட்டது. மாவட்டங்களின் பெயரும் போயிற்று. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி ஆனது. காமராசர் மாவட்டம் விருதுநகர் ஆனது. பஸ்ஸிலிருந்த அம்பேத்கர் பெயரும் அதோடு போயிற்று. 'எல்லாப் பேரையும் சமமாத்தானே எடுத்தாங்க' என்று இன்றைக்கும் சில முற்போக்கு நண்பர்கள் கேட்கிறார்கள். சமம்தான். நாம் வந்து உட்கார்ந்ததும் பந்தியையே எடுத்துவிடுவதும் ஒருவகைச் சமத்துவம்தான்.

இதே விருதுநகர் பக்கம் பழைய ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தது. தனியார் பஸ் முதலாளிகள் தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுத்த காலம் ஒன்று அங்கே உண்டு. சாலை, கிணறு, குளம் எல்லாருக்கும் பொது என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் 1924இல் தீர்மானம் நிறைவேற்ற வைத்தார். சாலை பொதுவானது, அதில் ஓடுகிற பஸ் பொதுவாகவில்லை. ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த சுயமரியாதைக்காரர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஏற்ற மறுத்தால் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்ட பிறகுதான் முதலாளிகள் வழிக்கு வந்தார்கள். முதலில் ஏறுவதற்கே உத்தரவு. பிறகு உட்காருவதற்குச் சண்டை. கடைசியில் பஸ்ஸின் நெற்றியில் நம்மவர் ஒருவரின் பெயர். மூன்றாவது படியில் வழுக்கிவிட்டார்கள்.

இந்த மூன்றாவது படிக்குத்தான் படம் இல்லை. ஏன் இல்லை என்று யோசித்தால் எங்கள் வீட்டுக்கே வந்து நிற்கிறது.

*

எங்கய்யா ரயில்வேயில் கேங்மேன். செங்கோட்டை லைன். திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கு 1903இல் ரயில் வந்தது. 1904இல் மலையைக் குடைந்து கொல்லத்தோடு சேர்த்தார்கள். கழுதுருட்டிப் பக்கத்துப் பதிமூன்று கண் பாலத்தைப் பார்க்க இன்றைக்கும் ஆள் வருகிறது. பாலத்தைத்தான் பார்ப்பார்கள், படமும் எடுப்பார்கள். அந்தத் தண்டவாளம் நெளியாமல், ஜல்லி சரியாமல், மழையிலும் வெயிலிலும் தட்டிக்கொண்டு நடந்தவர்களில் பாதிப்பேர் எங்கய்யா மாதிரி ஆட்கள். அவர்களைப் பார்க்க யாரும் வந்ததில்லை.

ஒரு ஸ்டேஷனில் - எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம் - பெரியவர் ஒருவர் ரிட்டயர் ஆனார். பிளாட்பாரத்தில் குரூப் போட்டோ. ஆபீசுக்குள்ளிருந்து நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையாகப் போட்டது எங்கய்யாவும் அவரோடு வேலை பார்த்த இரண்டு பேரும். மாலையும் அவர்கள் வாங்கி வந்ததுதான். போட்டோக்காரர் துணிக்குள் தலையை விடும்போது, 'நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா, நெழலு விழுது' என்று சொல்லிவிட்டார்கள். அய்யா இதை எங்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். 'நாக்காலி நல்லா விழுந்திருக்குடா' என்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

நான் தென்காசியில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். டார்க் ரூமில் தட்டு கழுவினேன். நெகட்டிவில் பென்சில் வைத்து முகத்தை வெளுப்பாக்கும் டச்சிங் வேலை கற்றேன். எங்கள் ஆட்கள் கல்யாணப் படத்துக்கு வந்தால் 'கொஞ்சம் செவப்பா போடுங்க' என்று கேட்பார்கள். போடுவேன். ஆனால் மனசுக்குள் ஒன்று இருந்தது. அய்யாவை வேலை செய்கிற இடத்தில், கையில் சுத்தியலோடு, அவர் நிறத்திலேயே ஒரு படம் எடுக்க வேண்டும்.

1997 ஜூன் கடைசியில் ஒரு நண்பனின் யாஷிகா கிடைத்தது. அய்யாவுக்கு ரிட்டயர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. 'பெர்மிஷன் இல்லாம ரயில்வே எடத்துல போட்டோ புடிச்சா மெமோ குடுப்பாம்லே' என்று முதலில் பயந்தார். மறுநாள் காலையில் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அவராகவே வந்து நின்றார். ஒரு காலைத் தண்டவாளத்தின் மேல் வைத்து, சுத்தியலைத் தோளில் சாத்தி, குற்றாலத்துச் சாரல் முகத்தில் அடிக்க அடிக்க நின்றார். ஆறு படம் எடுத்தேன். 36 எக்ஸ்போஷர் ரோல். மிச்சத்தை வீணாக்கக் கூடாது என்று கேமராவிலேயே வைத்திருந்தேன்.

அந்த வாரம்தான் பெயர் அழிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதே நாட்களில், ஜூன் 30இல், மேலவளவு நடந்தது. தனித்தொகுதியில் நின்று ஜெயித்த ஊராட்சித் தலைவர் முருகேசன் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். மறித்து அவரையும் அவரோடு வந்தவர்களையுமாக ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். ஒரு பக்கம் பஸ்ஸில் நம் பெயர் இருக்கக் கூடாது. இன்னொரு பக்கம் பஸ்ஸில் நம் தலைவர் உயிரோடு வரக் கூடாது. அந்த ஜூலையில் எங்கள் தெருவில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

சுந்தரலிங்கம் பஸ்ஸைப் பார்க்க விருதுநகர்ப் பக்கம் போக வீட்டில் விடவில்லை. கட்டபொம்மன் பெயரை அழிப்பதையாவது எடுப்போம் என்று ஒரு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஒரு ஆள் ஸ்டூல் போட்டு ஏறி எழுத்தின் மேல் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். 'கட்ட' போய்விட்டது. 'பொம்மன்' மட்டும் இருந்தது. மூன்று படம் எடுத்தேன்.

'தம்பி, என்ன போட்டோ?' காக்கிச் சட்டை போட்ட ஒருவர். டிரைவரா, செக்கரா, ஒப்பந்த ஆளா என்பது எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

'சும்மாதான் அண்ணாச்சி.'

'யார்ட்ட பெர்மிஷன் வாங்குனிய?'

'பஸ்ஸத்தானே அண்ணாச்சி...'

'எந்த ஊரு?'

'ஆய்க்குடி.'

'ஆய்க்குடியில எந்தத் தெரு?'

சொன்னேன். அவ்வளவுதான். 'தம்பி'யாக இருந்தவன் 'ஏலே' ஆகிவிட்டேன். 'ஏலே, இவன் அந்தப் பேருக்காரப் பயதான்' என்று சத்தம் போட்டார். நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் கேமராவைப் பிடுங்கிப் பின்பக்க மூடியைத் திறந்து ரோலை உருவினார். பட்டப்பகல் வெளிச்சத்தில் ஃபிலிம் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது. கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 'திருடனுங்கன்னு சொல்லிரப்பிடாதுல்லா' என்றார் ஒருவர். வெளிச்சம் பட்ட ஃபிலிமில் ஒன்றும் இருக்காது என்பது ஸ்டுடியோவில் இருந்த எனக்குத் தெரியும். ஆனாலும் பொறுக்கிக்கொண்டு வந்து டார்க் ரூமில் கழுவிப் பார்த்தேன். முழுக்கக் கறுப்பு. அய்யாவின் ஆறு படமும் அதில்தான் இருந்தன.

*

அந்தக் கேள்வியின் வரிசையைக் கவனியுங்கள். பெர்மிஷன் இருக்கா? எந்த ஊரு? எந்தத் தெரு? முதல் கேள்வி மூன்றாவது கேள்விக்குப் போகிற வழி மட்டும்தான்.

பாபாசாகேப் அம்பேத்கர் தன் சிறுவயதில், 1901இல், அண்ணனோடும் அக்கா பிள்ளையோடும் அப்பாவைப் பார்க்க ரயிலில் போனதைப் பற்றி எழுதியிருக்கிறார். மசூர் ஸ்டேஷனில் இறங்கி நிற்கிறார்கள். நல்ல உடை. ஸ்டேஷன் மாஸ்டர் பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்து அக்கறையாக விசாரிக்கிறார். மகார் என்று சொன்னதும் முகம் மாறி உள்ளே போய்விடுகிறார். வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். இரட்டை வாடகை கொடுத்து, வண்டியையும் பிள்ளைகளே ஓட்டிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. டிக்கெட்டில் சாதி இல்லை. ஆனால் டிக்கெட்டை வாங்கிப் பார்க்கிற கண்ணில் இருந்தது. 96 வருசம் கழித்து எனக்கும் அதே விசாரணைதான்.

பிறகு ஒரு வக்கீல் தோழரிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். அரசு பஸ்ஸைப் படம் எடுக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? அவர் சிரித்தார். ஊரில் எல்லாரும் பயப்படுகிற சட்டம் 1923ஆம் வருசத்து அரசு ரகசியச் சட்டம். அதில் 'வரைபடம்' என்றால் போட்டோவும் சேரும். ரயில் பாதையையும் சாலையையும் தடைசெய்யப்பட்ட இடமாக ஆக்கலாம். ஆனால் மத்திய அரசு கெசட்டில் அறிவித்திருக்க வேண்டும். நாட்டுப் பகைவனுக்கு உதவுகிற வேவுக்காரனுக்காக எழுதின சட்டம் அது. ஆய்க்குடிக்காரன் கட்டபொம்மன் பஸ்ஸை எடுப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? 1989ஆம் வருசத்து ரயில்வே சட்டத்தில் தண்டவாளத்தில் அத்துமீறி நுழைந்தால் 147ஆம் பிரிவு இருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம். அது அத்துமீறலுக்கு. கேமராவுக்கு என்று அந்தச் சட்டத்தில் தனிப்பிரிவு கிடையாது. சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் ரயில்வே தன் நிர்வாக விதிகளின்படி அனுமதி கொடுத்துக் கட்டணம் வாங்குகிறது. 1984இல் ஓடத் தொடங்கிய கல்கத்தா மெட்ரோவில் நெடுங்காலம் படம் எடுக்கவே தடை இருந்தது.

சரி, விதி இருந்தால் இருக்கட்டும். மீறினாலும் ரோலை உருவ யாருக்கு அதிகாரம்? சந்தேகப்பட்ட பொருளைக் கைப்பற்றும் அதிகாரம் அன்றைக்கு இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் 102ஆம் பிரிவில் போலீஸ் அதிகாரிக்குத்தான் இருந்தது. 2024 ஜூலை முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. அதில் 106ஆம் பிரிவு. கைப்பற்றினாலும் மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்ல வேண்டும். அழிக்கச் சொல்லி எங்கேயும் இல்லை. 'அவருக்கு என்ன அதிகாரம்னு நீ கேட்டியா?' என்றார் வக்கீல். நான் கேட்கவில்லை. அண்ணாச்சி, அண்ணாச்சி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது என் வெட்கம். எழுதிவிட்டேன்.

நம்மைப் படம் எடுத்தவர்கள் யாராவது நம்மிடம் பெர்மிஷன் கேட்டார்களா? 1868 முதல் 1875 வரை வெள்ளைக்கார அரசு 'இந்திய மக்கள்' என்று எட்டுத் தொகுதி போட்டது. 400க்கும் மேற்பட்ட படங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே சாதி. எட்கர் தர்ஸ்டன் சென்னை மியூசியத்துக்குத் தலைமை வகித்தபோது மூக்கையும் மண்டையையும் அளந்து, 1909இல் தென்னிந்தியச் சாதிகள் பற்றி ஏழு தொகுதி கொண்டுவந்தார். எங்கள் தென்காசி வட்டாரத்து மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரியில் நம் சனங்கள் நூற்றுக்கணக்கில் இசுலாத்துக்குப் போனபோது டெல்லியிலிருந்தெல்லாம் கேமரா வந்தது. அடுப்படி வரைக்கும் வந்தது. பெர்மிஷன் என்ற சொல் அப்போது யார் வாயிலும் வரவில்லை.

காசு இருந்தால் ரயிலும் வளையும். 1998இல் வந்த 'தில் சே' படத்தில் நீலகிரி மலை ரயிலின் கூரைமேல் ஒரு கூட்டமே நின்று ஆடுகிறது. கூரையில் பயணம் செய்தால் 156ஆம் பிரிவின்படி தண்டனை. அதற்குப் பெர்மிஷன் கிடைத்தது. அவர்கள் வாங்கினதில் எனக்குப் பொறாமை இல்லை. ரயிலுக்காகவே உழைத்த எங்கய்யா தன் தண்டவாளத்தில் நின்று ஒரு படம் எடுக்க ஏன் நடுங்கினார் என்பதுதான் என் கேள்வி.

*

படம் எடுத்தால் மட்டும் நியாயம் கிடைத்துவிடுமா என்று கேட்பீர்கள். கிடைக்காது. மேலவளவுக் கொலைக்குப் படம் இல்லை. உயிர் தப்பியவர்கள் கூண்டில் ஏறி வாய்விட்டுச் சொன்னார்கள். 2001இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 1999 ஜூலை 23இல் திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியது. தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். அதற்குப் படம் இருந்தது, ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' ஆவணப்படமும் இருந்தது. நியாயம் கிடைத்ததாக எங்கள் சனம் இன்றும் நினைக்கவில்லை. ஆனால் ஒன்று. படம் இருப்பதால், 'அப்படியெல்லாம் நடக்கல' என்று சொல்ல ஒருத்தனுக்கும் நாக்கு எழவில்லை. சுந்தரலிங்கம் பஸ்ஸைப் பற்றிச் சொல்லும்போது, 'அப்படி ஒரு பஸ்ஸே ஓடலயே' என்று என்னிடமே சொல்லிவிட்டார்கள்.

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2009 ஜனவரி முதல் தேதி, ஓக்லண்டில் ஃப்ரூட்வேல் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஆஸ்கர் கிராண்ட் என்ற 22 வயது இளைஞரைக் குப்புறப் போட்டு ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் முதுகில் சுட்டார். நின்றுகொண்டிருந்த ரயிலிலிருந்து பயணிகள் செல்போனில் எடுத்தார்கள். யாரும் பெர்மிஷன் கேட்கவில்லை. அந்தப் படங்கள் இருந்ததால்தான் வழக்கு நின்றது. 2010இல் போலீஸ்காரருக்குத் தண்டனை வந்தது, கொஞ்சத் தண்டனைதான் என்றாலும். கருஞ்சிறுத்தைகள் கட்சி 1966இல் பிறந்த ஊர் அது. நியூயார்க் சுரங்க ரயிலில் படம் எடுக்கத் தடை போட 2004இல் யோசனை வந்தது. எதிர்ப்பு வந்ததும் 2005இல் கைவிட்டார்கள்.

ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது 1955 டிசம்பர் முதல் தேதி அவர் எழுந்திருக்க மறுத்த அன்றைக்கு எடுத்ததல்ல. அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை. ஒரு வருசம் பஸ்ஸைப் புறக்கணித்து ஜெயித்த பிறகு, 1956 டிசம்பர் 21இல், அவரை மறுபடி உட்கார வைத்து எடுத்தார்கள். பின்சீட்டில் இருப்பவர் ஒரு பத்திரிகைக்காரர். படம் இல்லையென்று தெரிந்ததும் அவர்கள் உண்டாக்கிக்கொண்டார்கள். நாம் தேடக்கூட இல்லை.

எங்கய்யா 2006இல் போய்ச் சேர்ந்தார். வாக்காளர் அட்டையில் இருக்கிற முகத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம். அவர் தட்டிய மீட்டர்கேஜ் பாதையில் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே 2010 செப்டம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2018இல் அகலப்பாதை ஓடத் தொடங்கியது. இப்போது பிளாட்பாரத்தில் கையில் போன் இல்லாத ஆளே இல்லை. அய்யா நின்ற இடம் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

போன மாதம் பக்கத்து ஊரில் ஒன்று நடந்தது. காலனி ஸ்டாப்பில் பஸ் நிற்காமல் தள்ளிப் போய் நிற்கிறது என்று ஒரு பையன் போனில் எடுத்தான். 'எந்தத் தெருலே நீ?' என்று பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு குரல். பையன் போனை இறக்கவில்லை. 'எந்தத் தெருவா இருந்தா ஒங்களுக்கென்ன? இது கவர்மென்ட் பஸ்ஸு, நான் டிக்கெட் எடுக்கிறவன்' என்றான். அவனை வீட்டுக்குக் கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தேன். எனக்கு வராத வார்த்தை அது. படம் எடுப்பதைத் தடுத்தால் எந்த விதி என்று எழுதித் தரச் சொல்லு, தகவல் உரிமைச் சட்டம் 2005இலிருந்து இருக்கிறது, கேட்டு வாங்கு என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ராஜபாளையம், சிவகாசி, சாத்தூர், விருதுநகர்ப் பக்கம் உங்களுக்குச் சொந்தபந்தம் இருக்கும். டிரங்குப் பெட்டியில், பழைய டைரியில், கல்யாண ஆல்பத்தின் ஓரத்தில் தேடிப் பாருங்கள். யாரையோ எடுக்கப்போய்ப் பின்னால் ஒரு பஸ் விழுந்திருக்கலாம். படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 1997 மே, ஜூன் மாதத்து பஸ் டிக்கெட் ஒன்று மடிந்து கிடந்தாலும் போதும். டிக்கெட்டின் மேலே கழகத்தின் பெயர் அச்சிட்டிருக்கும். பார்த்துவிட்டு ஒரு வரி எழுதுங்கள்.